குங்குமம் விழாத பிலிம்

பிலிம் பெட்டியின் மேல் ஒரு பெயர் இருந்தது. அதற்கு முன் எங்கும் கேட்டிராத பெயர். கீழே சிறிய எழுத்தில்: கறுப்பு வெள்ளை, வேகம் நூறு, முப்பத்தாறு படம், வெயில் படாமல் வைக்கவும். எந்த நாட்டில், எந்த ஆலையில் செய்தது என்று ஒரு வரியும் இல்லை. காலாவதி மாதத்தை அச்சிடவில்லை. ரப்பர் முத்திரையால் குத்தியிருந்தார்கள், அதுவும் சாய்ந்து.

நான் ஒரு தினசரியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். முதலில் படப் பிரிவு, பிறகு செய்தி மேசை. யார் சொன்னது என்று இல்லாத செய்தி வந்தால் அதைத் தனியாக எடுத்து வைப்போம். இந்தப் பெட்டியை நான் அப்படி எடுத்து வைக்கவில்லை. பிலிம் கிடைப்பதே பாடாக இருக்கிற நாளில், இணையத்தில் ஒருவர் மூன்று சுருள் அனுப்புகிறேன் என்றார். வாங்கிவிட்டேன்.

வேலையை விட்ட பிறகு ராஜபாளையத்தில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்காரர்கள். அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில் அவர்களுக்கு மாந்தோப்பு. வீட்டுக்காரர் பெரும்பாலும் தோப்பில்தான் இருப்பார். வீட்டை நடத்துவது அவர் மனைவி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மதினி என்று கூப்பிடுவேன். அவருக்கு ஒரே மகன், ராணுவத்தில். மருமகள் கான்சாபுரத்துப் பெண். எனக்கு மகள் வயதுதான். என்னைச் சித்தி என்பாள். நான் சொல்லப்போகிற சமயத்தில் அவளுக்கு ஆறாம் மாதம் முடிகிற கட்டம்.

மகன் ஆவணியில் விடுப்பு முடிந்து போனான். வடக்கே மலை மேல் ஒரு காவல் சாவடி. மேலே ஏறிவிட்டால் போன் எடுக்காது, இறங்கினால்தான் பேச முடியும், நாற்பது நாளும் ஆகலாம், கூடுதலாகவும் ஆகலாம் என்று அடிவாரத்திலிருந்து பேசும்போது சொன்னான். வயிறு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பச் சொன்னான். தபால் எப்படியும் மேலே போய்விடுமாம். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக் காகிதப் படம்தான் வேண்டும் என்றிருந்தான்.

"போன்ல எடுத்தது ஆயிரம் கெடக்கு சித்தி," என்றாள் மருமகள். "ஒங்க செவத்துல மாட்டியிருக்கியளே, அந்த மாதிரி எடுத்துக் குடுங்க."

புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை, ஒன்பது மணிக்குத் தோப்புக்குப் போனோம். முதல் நாள் மழை பெய்திருந்ததால் இலைகளில் தூசி இல்லை. அவள் பச்சைச் சேலை கட்டியிருந்தாள். கிளம்பும் முன் மதினிதான் அவள் நெற்றியிலும் வகிட்டிலும் தன் கையால் குங்குமம் வைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலிலிருந்து மாதம் ஒரு முறை வாங்கி வருகிற குங்குமம். மோதிர விரலால் வைப்பார், காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் வட்டம் விழும்.

லென்ஸின் மேல் எந்த நிறக் கண்ணாடியும் நான் மாட்டவில்லை. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், பின்னால் இந்தக் கேள்வியை எனக்கு நானே பல தடவை கேட்டுக்கொண்டேன்.

வெளிச்சம் பார்க்க மரங்களை இருபது தடவைக்கு மேல் எடுத்தேன். அவளைப் பன்னிரண்டு. சுருளில் ஒரு படம் மிச்சமிருந்தது.

"குடுங்க, ஒங்கள ஒண்ணு எடுக்கேன்."

"என்னை எதுக்குட்டி?"

"நீங்க அம்புட்டுப் பேரையும் எடுக்கிய. ஒங்கள எடுத்தது ஒண்ணு காட்டுங்க பாப்போம். சும்மா நில்லுங்க. சிரிக்கக்கூட வேண்டாம், ஒங்களுக்குத்தான் அது வராதே."

அதே மரத்தடியில், அவள் நின்ற இடத்தில் நின்றேன். என் கணவர் இறந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. அது முதல் நான் வைப்பது கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு.

மறுநாள் பகலில் பிலிமைக் கழுவிக் கொடியில் காயப்போட்டேன். காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கண் கூர்மையாக விழுந்திருந்தது, சேலை மடிப்பு விழுந்திருந்தது. நெகட்டிவில் மாவிலைகள் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தன. நெகட்டிவில் கறுப்பென்றால் படத்தில் வெள்ளை. மாவிலை அப்படி வராது. வெயில் கூடுதலாக இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். நெற்றியைப் பார்க்கவில்லை. வேலையில் இருந்தவரை, நான் கண்ணால் பார்க்காத படம் ஒன்றுகூடப் பக்கத்தில் ஏறியதில்லை. இது ஏறிவிட்டது. நெகட்டிவைப் பழைய பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் படம் போடக் கொடுத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் மருமகளைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது மாமியாரும் மருமகளும் அங்கே இறங்கிப் படங்களை வாங்கிக்கொண்டார்கள். எனக்கு முன்பே அவர்கள் பார்த்தார்கள்.

முழங்கால் வலியால் மாடிப்படி ஏறாதவர் மதினி. அன்று ஏறி வந்தார். சாப்பாட்டு மேசையில் படங்களை ஒவ்வொன்றாக வைத்தார்.

"இதுல என்ன இல்ல, பாரு தாயி."

பார்த்தேன். பன்னிரண்டு படத்திலும் நெற்றி வெறுமையாக இருந்தது. வகிடும் வெறுமை. கலைந்திருந்தால் ஒரு பக்கம் தீற்றல் தெரியும், வியர்வையில் கரைந்திருந்தால் மூக்கு வரை கோடு இறங்கியிருக்கும். அப்படி எதுவும் இல்லை. வைத்த தடமே இல்லை. உதடும் வெளிறி, தோல் ஒரு மாதிரி மினுங்கியது. பின்னால் மாவிலைகள் சுண்ணாம்பில் முக்கி எடுத்ததுபோல் நின்றன. பச்சைச் சேலை மட்டும் இருட்டாக இருந்தது. வெள்ளை இலைகளுக்கு முன்னால், இருண்ட சேலையில், பொட்டில்லாத கர்ப்பிணி. அவளை நான் அறிவேன், ஆனால் படத்தில் இருந்தவளை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

மதினி பதின்மூன்றாவது படத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். நான். என் நெற்றியில் கறுப்புப் பொட்டு, பேனாவால் வைத்ததுபோல் தெளிவாக.

"ஒனக்கு இருக்கு. இவளுக்கு இல்ல. எங்கையால வச்சி அனுப்புனது."

"மதினி, செவப்பு நெறம் சில பிலிம்ல சரியா விழாது."

"எங்க மாமியா கல்யாணப் படம் கறுப்பு வெள்ளைதான். எங்க பூட்டி படம் கறுப்பு வெள்ளைதான். அம்புட்டுப் பேருக்கும் பொட்டு வட்டமா விழுந்திருக்கு. அப்ப விழுந்த செவப்பு இப்ப விழாதா?"

கேள்வி சரியானது.

"கான்சாபுரத்துக்குப் போனப் போட்டுட்டேன். வளைகாப்பு இப்ப வேண்டாம்னு சொல்லிட்டேன். எம் மகன் கொரலக் கேக்காம இந்த வீட்டுல வளையல் குலுங்கக் கூடாது."

ஏழாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை குறித்து வைத்திருந்தார்கள். பெண் வீட்டில் வளையல்கூட வாங்கியாயிற்று. படியின் கீழே மருமகள் நின்றிருந்தாள்.

"நான் என்னத்தை செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யலட்டி. போயி சாப்புடு."

மதினி என்னைக் குற்றம் சொல்லவில்லை. எடுத்த கை யாருடையது என்று கேட்கவில்லை. இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, என் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கினார். அது போதும்.

பிலிமை அனுப்பியவருக்கு எழுதினேன்: இது எந்த ஆலையின் பிலிம்? எங்களுடைய சொந்தத் தயாரிப்பு, புத்தம் புதிய ரசாயனப் பூச்சு என்று பதில் வந்தது. எங்கே பூசப்பட்டது என்று கேட்டேன். எங்கள் மேல் வைத்த நம்பிக்கைக்கு நன்றி என்று எழுதி, ஒரு பூப்படம் போட்டிருந்தார். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை.

இணையத்தில் இதைப் பற்றி எழுதியவர்கள் பலர். பழைய பிலிமுக்குப் புதுச் சட்டை என்றார் ஒருவர். சாலையில் வண்டி எண்ணைப் படம் பிடிக்கிற கேமராக்களுக்குச் செய்தது என்றார் இன்னொருவர். விமானத்திலிருந்து தரையைப் படமெடுக்கச் செய்த பெரிய சுருள்களை வாங்கி, வெட்டி, சின்னச் சின்னதாகச் சுற்றி விற்கிறார்கள் என்றார் வேறொருவர். ஆதாரம் தேடிப் போனால் ஒருவர் மற்றவரைக் காட்டினார், அவர் இவரைக் காட்டினார். ஒரே செய்தி மூன்று இடத்தில் வந்தால் அது மூன்று சான்று ஆகாது.

கையில் இருந்ததை வைத்துப் பார்த்தேன். பிலிமின் ஓரத்தில் செய்தவர் பெயர் இருக்கும். இதில் எண் மட்டும் இருந்தது. சாதாரண பிலிமைக் கையால் கிழித்துவிடலாம். இதைப் பல்லால் கடித்து இழுத்தும் கிழியவில்லை. விரல் நுனி வலித்ததுதான் மிச்சம்.

பிறகு ஒரு சோதனை செய்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் மதினி வாசல் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைப்பார். அன்று வைத்து முடித்ததும், ஃபிரிட்ஜில் வைத்திருந்த பெயர் தெரிந்த பிலிமில் நிலையை ஒரு படம் எடுத்தேன். பின் அதே வெளிச்சத்தில் புதுப் பிலிமில் ஒன்று. இரண்டையும் நானே கழுவி, நானே நெகட்டிவைப் பார்த்து, ஸ்டுடியோவில் நின்று படம் போட்டு வாங்கினேன். முதல் படத்தில் வரிசையாகக் கரும்புள்ளிகள். இரண்டாவதில் நிலை முழுக்க ஒரே வெளுப்பு. ஒரு புள்ளி இல்லை. தவறு பிலிமில்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எந்த மேசையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. கீழே கொண்டுபோய் மதினி முன் இரண்டையும் வைத்து விளக்கினேன்.

அவர் முதல் படத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டாவதைக் கையில் எடுத்தார்.

"என் நெலையிலயும் இல்லியா?"

"அதத்தான் சொல்லுதேன் மதினி. ரெண்டும் ஒரே நேரத்துல எடுத்தது. இந்த பிலிம்..."

"நெத்தியில இல்ல, சரி. வாசல்லயும் இல்லியே."

எழுந்து போய்க் குடத்தில் தண்ணீர் மோந்து நிலையைக் கழுவினார். மறுபடி மஞ்சள் பூசினார். மறுபடி பொட்டு வைத்தார். சில பொட்டுகள் வட்டமாக விழவில்லை. சோதனைக்கு நான் ஒரு தக்காளியை எடுத்திருக்கலாம். குங்குமம்தானே கேள்வி என்று குங்குமத்தையே எடுத்தேன், அதுவும் அவர் வீட்டு வாசலில்.

"இனிமே இந்த வீட்டுல அந்தப் பொட்டியத் தூக்காத தாயி," என்றார். கேமராவைத்தான் சொன்னார். சண்டையாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்டார்.

தீபாவளி வந்தது. மகன் பேசவில்லை. பேச மாட்டான் என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். இருந்தும் போனை ஹாலில் மேசை நடுவில் வைத்திருந்தார்கள், பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில்.

மறுநாள் மதினியே ஒரு வழி சொன்னார்.

"எங்க சித்தப்பா மகன் வன்னியம்பட்டியில இருக்கான். ஏரோப்பிளேன் படையில படம் கழுவுன பய. பதினேழு வருசம் அதே வேலை. அவங்கிட்டப் போ. அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், பிலிமோட கோளாறுதான்னு. நான் நம்புதேன். நாளைக்கே தாம்பாளத்த எடுக்கச் சொல்லுதேன்."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி வன்னியம்பட்டி விலக்கில் இறங்கினேன். ஊர்ப் பெயரை இங்கே எழுதிவிட்டேனே என்று பயமில்லை. அங்கே வீட்டுக்கு ஒருவர் படையில் இருந்தவர். ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. நான் போனபோது மதினியின் தம்பி நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும்.

"வாங்க. அக்கா போன் போட்டுச்சு. இருங்க, கை கழுவிக்கிடுதேன்."

கையைக் கழுவி, துண்டில் துடைத்து, பிறகு விரல்களை மட்டும் தனியாக ஒரு தடவை துடைத்தார். நெகட்டிவை நீட்டினேன். பரப்பில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து வாங்கினார். முகத்தைப் பார்க்கவில்லை. இலைகளைப் பார்த்தார். ஓரத்து எண்களைப் பார்த்தார். நகத்தால் விளிம்பைச் சுண்டி, அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"கிழிச்சுப் பாத்தியளா?"

"கிழியல."

"கிழியாது. சேல பச்சைதானே?"

"பச்சை."

"சேல கறுப்பா விழுந்திருக்கு, எல வெள்ளையா விழுந்திருக்கு. ரெண்டும் பச்சை. ம்." அவர் குரல் மாறியிருந்தது, எங்கோ ஒரு மேசை முன் உட்கார்ந்து பேசுகிறவர்போல் இருந்தது. "பூசுன பச்சை கறுப்பா விழணும். உசிருள்ள பச்சை வெள்ளையா விழணும். எலைய வெட்டி மேல போட்டு மூடியிருந்தாக்கூட ரெண்டு நாள்ல நெறம் மாறிக் காட்டிக் குடுத்துரும். அதுக்குத்தான்..."

நிறுத்திக்கொண்டார். நெகட்டிவை உறைக்குள் போட்டார்.

"எதுக்குத்தான்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நீங்க வந்து அக்காகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். செவப்பு இதுல விழாதுன்னு. வேற எதுவும் வேண்டாம்."

"பாத்த வேலைய எம் பொண்டாட்டிக்கே சொன்னதில்ல. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். அங்க கழுவுன பிலிமப் பத்தி இங்க வந்து பொம்பளையகிட்டப் பேசுதேன்னா..." சிரித்தார், ஆனால் முகம் சிரிக்கவில்லை. "நீங்க பத்திரிகையில இருந்தவிய. ஒங்களுக்குத் தெரியாததா? நான் இப்பச் சொன்னத யாருகிட்டயும் என் வாயால வந்ததாச் சொல்லப் படாது."

"சொல்லல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த வாக்கை இதுவரை காப்பாற்றினேன். சென்ற மாதம் அவரே, பெயர் இல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள், இனி யார் என்னைத் தேடப்போகிறார்கள் என்றார். ஆனால் அன்று, திரும்பும் பஸ்ஸில், நான் கேட்டது உண்மை என்று எனக்குத் தெரியும், அதைப் பயன்படுத்த முடியாது என்பதும் தெரியும். அந்தப் பிலிம் எங்கே பூசப்பட்டது, யார் கை மாறி என் கைக்கு வந்தது என்று இன்றும் என்னால் எழுத்தில் நிரூபிக்க முடியாது. ஒரு கிழவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தியதுதான் என்னிடம் இருக்கிற சான்று.

வாசலிலேயே மதினி காத்திருந்தார். "என்ன சொன்னான்?"

"தெரியாதுன்னாரு."

அவர் சொன்னவற்றில் ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துச் சொன்னேன். பொய் இல்லை. மேசையில் நாங்கள் தினமும் செய்கிற வேலைதான்.

"அவனுக்கே தெரியலியா," என்றார் மதினி. நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வாரம் மருமகளின் நெற்றியைக் கவனித்தேன். குளித்ததும் வைப்பாள். சாப்பிட்டதும் வைப்பாள். தூங்கி எழுந்ததும் கண்ணாடி முன் போய், அழித்து, மறுபடி வைப்பாள். வட்டத்தைச் சுற்றித் தோல் பொரிந்திருந்தது. ஒரு மத்தியானம் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, எலைய வெள்ளையாக் காட்டுத பிலிமு எதுக்கு ஆகும்?"

வன்னியம்பட்டியிலிருந்து வந்தபின் இணையத்தில் தேடிப் படித்ததை மட்டும் சொன்னேன். மேலேயிருந்து பார்க்கிறதுக்கு. எது நிஜ இலை, எது இலை மாதிரி மூடி வைத்தது என்று கண்டுபிடிக்கிறதுக்கு.

"மூடி வச்சதுக்குக் கீழ ஆளு இருப்பாக."

"இருக்கலாம்."

"அப்ப அவிய இருக்கிற மலையையும் எவனாச்சும் இதே மாதிரி மேலருந்து எடுத்திருப்பான்ல? அவிய அதுல எப்படித் தெரியுவாக?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் எழுந்து போய்விட்டாள். அவள் கேட்டதை நான் யோசிக்காமல் இல்லை. மாந்தோப்பில் ஒன்பது மணி வெயிலில் நாங்கள் சிரித்துக்கொண்டு செலவழித்தது, ஒளிந்திருக்கிற மனிதர்களைத் தேடுவதற்காகப் பூசப்பட்ட ஒரு பரப்பு. அதற்கு நெற்றி தெரியாது, குங்குமம் தெரியாது. உயிர் உள்ளதை வெள்ளையாகக் காட்டும், அவ்வளவுதான். அவள் தோல் அதில் மினுங்கியது. நியாயமாகப் பார்த்தால் அதுவே நல்ல செய்தி. ஆனால் அதைப் போய் யாரிடம் சொல்வது?

ஏழாம் மாதத்தில் இன்னும் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் இருந்தது. மகன் பேசி நாற்பத்தாறு நாள்.

அன்று நான் அலமாரியில் இருந்த பழைய உறை ஒன்றை எடுத்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல் எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த வருடங்களின் படங்கள். அதில் என்னுடைய படம் ஒன்று, அடையாள அட்டைக்காக அலுவலகப் புகைப்படக்காரர் எடுத்தது. அலுவலகத்தில் பெட்டி பெட்டியாக வாங்குகிற, எங்கே செய்தது என்று எல்லாருக்கும் தெரிந்த பிலிம். பின்பக்கம் இருட்டறை முத்திரை, தேதியுடன். அந்தத் தேதிக்குப் பதினோராம் நாள் என் கணவர் ஸ்கூட்டரில் அலுவலகம் போகும்போது லாரி மோதி இறந்தார்.

படம் கவிழ்ந்து கிடந்தது. திருப்புவதற்கு முன் ஒரு நொடி, நெற்றி வெறுமையாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். இருந்தால், அன்றைக்கே எங்கோ ஏதோ சொல்லப்பட்டிருந்தது, நான்தான் பார்க்கவில்லை என்று ஆகும். இருபத்து நான்கு வருடமாக நான் தேடியது அப்படி ஒன்றைத்தானோ என்று அந்த நொடியில் தோன்றியது.

திருப்பினேன். பொட்டு இருந்தது. நடு நெற்றியில், வட்டமாக, அடர்த்தியாக. அந்தப் பெண் கேமராவைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

கீழே போனேன். மதினி முறத்தில் மிளகாய் வற்றலைப் பரப்பிக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"இது யாரு?"

"நான்தான்."

"சின்னப்புள்ளையால்ல இருக்க."

"பொட்டு இருக்கா மதினி?"

"இருக்கு. நல்லாத்தான் விழுந்திருக்கு."

"பின்னால திருப்புங்க. தேதி இருக்கு பாருங்க. அதுலருந்து பதினோராம் நாள் அவரு போயிட்டாரு."

மதினி தேதியை எழுத்துக்கூட்டிப் படித்தார். முன்பக்கம் திருப்பினார். மறுபடி பின்பக்கம். மிளகாய்க் கை என்பதால் படத்தின் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தார். இத்தனை வருடத்தில் என் கணவர் இறந்தது எப்படி, எப்போது என்று மதினி கேட்டதில்லை, நான் சொன்னதில்லை.

"பதினோரு நாளா?"

"ஆமா."

"அதுக்கு முன்ன ஒண்ணும் தெரியலியா? கனவு, கினவு?"

"ஒண்ணும் இல்ல. அன்னிக்குக் காலையில டீ குடிச்சாரு. சட்டையில பட்டன் இல்லன்னு வேற சட்டை மாத்துனாரு. போனாரு."

மதினி இன்னும் தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மிளகாய் நெடியில் எனக்கு இருமல் வந்தது. அவருக்கு வரவில்லை.

"அப்ப, பொட்டு இருந்தாலும் ஒண்ணும் இல்ல. இல்லாட்டாலும் ஒண்ணும் இல்ல. அப்படியா?"

நான் அதை அவ்வளவு தூரம் யோசித்துக் கொண்டுவரவில்லை. ஒரு பயத்தை எடுக்க வந்தேன்.

"படத்துக்கு ஒண்ணும் தெரியாது மதினி. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

படத்தை என் மடியில் வைத்தார். முறத்தைத் தள்ளிவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏட்டி! ஒங்கம்மாளுக்குப் போனப் போடு. வர்ற வெள்ளிக்கெழமை வந்துரச் சொல்லு. வளையலு, சோத்து வகை, அம்புட்டையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

மருமகள் கதவுக்கு வந்து நின்றாள். "அவிய இன்னும் பேசலியே அத்தை."

"பேசாட்டி? ஒன் ஏழாம் மாசம் அவனுக்காவ நிக்கப்போகுதா? போடுட்டி போன."

வெள்ளிக்கிழமை கான்சாபுரத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். ஐந்து வகைச் சோறு. வீட்டுக்காரர் தோப்பிலிருந்து வந்து, பெண்கள் கூட்டத்தைப் பார்த்ததும் வாசலோடு நின்றுகொண்டார். முதல் வளையலை மதினிதான் போட்டார். கேமராவை நான் கொண்டுபோகவில்லை.

"தாயி, சும்மா நிக்க? போன்ல எடு. கலர்ல எடு," என்றார் மதினி. "பொறவு எவளாவது ஒண்ணு சொல்லப் படாது."

பெண்கள் சிரித்தார்கள். எடுத்தேன். ஒவ்வொரு படத்தையும் எடுத்த உடனே திரையில் பெரிதாக்கி நெற்றியைப் பார்த்தேன். சிவப்பு இருந்தது. என்னை வளையல் போட யாரும் அழைக்கவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. சாயங்காலம் பெண் வீட்டார் மருமகளை அழைத்துக்கொண்டு கிளம்பியபோது வேனின் ஜன்னலில் இரண்டு கையையும் வைத்திருந்தாள். வளையல் சத்தம் தெரு முனை வரை கேட்டது.

நான்காம் நாள் மத்தியானம் மகன் பேசினான். முதலில் கான்சாபுரத்துக்கு, பிறகு இங்கே. மதினி மாடியைப் பார்த்து என்னைக் கூப்பிட்டுவிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். மேலே பனி, தலைவலி, சாப்பாட்டுக்குக் குறையில்லை. வளைகாப்பு முடிந்ததைக் கேட்டுச் சிரித்தான். படம் எங்கே என்று கேட்டான். கலர்ல அனுப்புதோம் என்றார் மதினி. நான்கு நிமிடம் பேசியிருப்பான். மறுபடி மேலே ஏறுகிறேன், இனி எத்தனை நாளாகும் என்று தெரியாது என்றான். வைத்துவிட்டான்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மதினி அழவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முன்னயெல்லாம் அவன் மேல ஏறிட்டான்னா அவ நெத்தியப் பாத்துக்கிடுவேன்," என்றார். "காலையில ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா. இருக்கு, சரின்னு வேலையப் பாப்பேன். இனி எதப் பாக்க?"

போனின் வெளிச்சம் மங்கி, அணைந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.